சீனியை நிறுத்தினால் புற்று சாகுமா?

‘புற்றுக்குத் தீனி சீனி. சீனியை நிறுத்து, புற்று பட்டினி கிடந்து சாகும்.’ கொஞ்ச வருஷமாக எங்கள் பக்கம் அதிகம் புழங்கும் மருத்துவ வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டில், கல்யாணப் பந்தியில், துட்டி வீட்டில், வாட்ஸப் குரலஞ்சலில் என்று எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. சொல்கிறவர்கள் மூன்று சாட்சிகளைக் கூப்பிடுவார்கள். முதல் சாட்சி நோபல் பரிசு வாங்கிய ஜெர்மன்காரர் வார்பர்க். இரண்டாவது, சர்க்கரையை வைத்தே புற்றைப் பிடிக்கும் பெட் ஸ்கேன். மூன்றாவது, சோற்றை விட்டுவிட்டுத் தேங்காயெண்ணெயில் வாழும் கீட்டோ உணவு. மூன்று பேரும் பொய்ச்சாட்சி சொல்லவில்லை. பாதி சொல்லிவிட்டுக் கூண்டை விட்டு இறங்கிவிடுகிறார்கள். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நெய்யூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே இங்கே தொடங்கிய மிஷன் மருத்துவமனைக்கு, 1922 எவரெஸ்ட் குழுவில் போய்த் திரும்பிய ஹோவர்ட் சோமர்வெல் வந்து சேர்ந்தார். லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் காலத்தில் அங்கே வேலை பார்த்த இயன் ஓர் என்ற மருத்துவர், 1933-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று, அதன் காரணம், நோயியல், சிகிச்சை என்பது பொருள். (நெய்யூர் அப்போது திருவிதாங்கூர், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல்.) முறுக்கானில் சேரும் புகையிலை மேல் அவர் விரல் நீட்டினார். பாக்கும் தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்மானமாகச் சொல்ல 2004 வரை ஆனது. உலக வாய்ப்புற்று இலக்கியத்தில் நம்ம ஊர் நோயாளிகள் தொண்ணூறு வருஷமாக இருக்கிறார்கள். அதே ஊரில்தான் இன்றைக்கு ‘சீனியை நிறுத்து’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நான் எடுத்துக்காட்டாக வாய்ப்புற்றையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வார்பர்க். 1920-களில் பெர்லினில், எலிக் கட்டிகளின் மெல்லிய சீவல்களை வைத்து அவர் அளந்தது இது: கட்டியின் திசு குளுக்கோஸை அள்ளி விழுங்குகிறது, அதில் பெரும்பங்கை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக வெளியே தள்ளுகிறது. ஆக்சிஜன் இல்லாமல் இப்படிச் செய்தால் ஆச்சரியம் இல்லை. ஓடும்போது நம் தசையும் செய்யும். (சோமர்வெல் 1924-இல் எவரெஸ்ட் சரிவில் தன் நுரையீரல் காற்றையே மாதிரி பிடித்து, 1925-இல் அதைப் பற்றிக் குறிப்பு வெளியிட்டவர். ஆக்சிஜன் பஞ்சம் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.) கட்டி அதை ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே செய்கிறது, அதுதான் புதிர். ஒரு குளுக்கோஸை லாக்டேட் வரை உடைத்தால் கையில் நிற்பது 2 ஏடிபி. மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால் 30 சொச்சம். இவ்வளவு நஷ்டத்தில் ஏன் வியாபாரம்?

வார்பர்க்கின் பதில்: செல்லின் மூச்சு, அதாவது மைட்டோகாண்ட்ரியா, பழுதாகிவிட்டது, அதுதான் புற்றின் மூலகாரணம். 1956-இல் சயன்ஸ் இதழில் இதை அழுத்தி எழுதினார். அதே வருஷம் அதே இதழில் சிட்னி வெய்ன்ஹவுஸ் மறுத்தார். பெரும்பாலான புற்றுசெல்கள் நன்றாகவே மூச்சு விடுகின்றன, ஆக்சிஜனை வழக்கமான அளவில்தான் எடுக்கின்றன என்பது அவர் வாதம். பிற்பாடு வந்த சான்றுகள் பெரும்பாலும் வெய்ன்ஹவுஸ் பக்கம்தான் நின்றன. வார்பர்க் விடவில்லை. 1966-இல் லிண்டாவில் நோபல் பரிசுக்காரர்கள் கூட்டத்தில் பேசும்போதும் அதையேதான் சொன்னார். நம் வாட்ஸப் செய்திகளின் ஊற்றுக்கண் அந்த உரை. ‘புற்றின் காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு’ என்று போடுகிறார்களே, அது சரியில்லை. 1931-இல் அவருக்குப் பரிசு கொடுத்தது செல்மூச்சு நொதியின் இயல்பையும் வேலையையும் கண்டுபிடித்ததற்கு. ஒரு விஷயத்துக்கு வாங்கிய பரிசை இன்னொரு விஷயத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

இதைவிடச் சுவாரசியம் ஒன்று உண்டு. 1927-இல் வார்பர்க்கும் இரண்டு உடன்வேலையாளர்களும் உயிருள்ள எலிகளில் கட்டிக்குள் போகும் ரத்தத்தையும் வெளிவரும் ரத்தத்தையும் அளந்து ஒரு கட்டுரை போட்டார்கள். கட்டி எடுக்கும் குளுக்கோஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லாக்டேட் ஆகிறது என்பது அதில்தான் வருகிறது. மீதி? அது எரிகிறது. அந்தக் கட்டுரை போகிற போக்கில் சொல்லும் முடிவு என்னவென்றால், சக்தியை அடைத்துக் கட்டியைக் கொல்ல வேண்டுமானால் நொதிப்பு, மூச்சு இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும். ஒன்றை அடைத்தால் மற்றொன்றில் பிழைத்துக்கொள்ளும். சீனியை மட்டும் நிறுத்தினால் போதாது என்று முதலில் எழுதியவர் வார்பர்க்கேதான்! அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

அப்படியானால் நஷ்ட வியாபாரத்துக்கு என்ன விளக்கம்? 2009-இல் வாண்டர் ஹைடன், கான்ட்லி, தாம்சன் மூவரும் எழுதிய கட்டுரையின் வாதம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. பெருகும் செல்லுக்கு எரிபொருள் மட்டும் போதாது. கொழுப்பு, அமினோ அமிலம், டிஎன்ஏ என்று கட்டுமானச் சாமானும் வேண்டும். வீடு கட்டுகிறவன் இருக்கிற தென்னையை எல்லாம் வெட்டி அடுப்பில் வைத்துவிட்டால் உத்தரத்துக்கு எங்கே போவான்? குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் நடுவழியில் திருப்பிச் சாமானாக்குகிறது செல். அதாவது வார்பர்க் பார்த்தது வளரும் செல்லின் பழக்கம். இது மனதில் இருக்கட்டும், ஏனென்றால் புற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார்ந்து வளரும் கட்டி இல்லை. அங்கிருந்து கிளம்பிப் போகும் செல்கள். அவற்றின் பழக்கம் வேறு.

இங்கேதான் நம்ம ஊர் வாதம் மொத்தமாகக் கழன்று விழுகிறது. கட்டியிலிருந்து ஒரு செல் பிடிப்பு விட்டுக் கிளம்பும்போது என்ன ஆகிறது? ஜோன் பிரக் ஆய்வகம் 2009-இல் மார்பகச் செல்களில் காட்டியது: தரைப்பிடிப்பு விட்ட செல்லால் குளுக்கோஸையே சரியாக உள்ளே இழுக்க முடிவதில்லை. ஏடிபி சரிகிறது, ஆக்சிஜனேற்ற நெருக்கடி ஏறுகிறது. யாரும் பத்தியம் சொல்லாமலேயே அந்தச் செல் ஒருவிதச் சர்க்கரைப் பட்டினியில்தான் பயணத்தைத் தொடங்குகிறது. பெரும்பாலானவை அங்கேயே சாகும். தப்புகிறவை எப்படித் தப்புகின்றன என்பதுதான் கேள்வி.

ரகு கள்ளூரி குழு 2014-இல் எலிகளின் மார்பகப் புற்றில் ரத்தத்தில் மிதக்கும் செல்களைப் பிடித்துப் பார்த்தது. அவற்றில் பிஜிசி-1ஆல்ஃபா என்ற புரதம் தூக்கலாக இருந்தது. மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் மேஸ்திரி அது. செல்கள் ஆக்சிஜனோடு எரிக்கும் வழிக்கு மாறியிருந்தன. அந்தப் புரதத்தை அடக்கியபோது தாய்க்கட்டி பாட்டுக்கு வளர்ந்தது, பரவல் மட்டும் குறைந்தது. வார்பர்க் ‘பழுது’ என்ற மைட்டோகாண்ட்ரியாதான் இங்கே பயணத்துக்கு எஞ்சின். உடனே ‘அப்போ மைட்டோகாண்ட்ரியாவை அடைப்போம்’ என்று அடுத்த வாட்ஸப் செய்தியைத் தயார் பண்ண வேண்டாம். 2016-இல் புரோஸ்டேட் புற்றிலும் மெலனோமாவிலும் இதே பிஜிசி-1ஆல்ஃபா பரவலைத் தடுப்பதாக வேறு குழுக்கள் காட்டின. உறுப்புக்கு உறுப்பு கதை மாறுகிறது.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெக்சாஸில் ஷான் மாரிசன் ஆய்வகம் 2015-இல் காட்டியது: மனித மெலனோமா செல்கள் எலியின் ரத்தத்தில் கடுமையான ஆக்சிஜனேற்ற நெருக்கடியில் செத்துக்கொண்டிருக்கின்றன; தங்கள் வளர்சிதைமாற்றத்தைத் தற்காலிகமாக மாற்றிச் சமாளிக்கிற கொஞ்சம் செல்களே பரவுகின்றன. எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தபோது பரவல் கூடியது. உடம்பே செய்துகொண்டிருந்த காவலை மாத்திரை கலைத்துவிட்டது. நெல்லிக்காய் தின்னக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘புற்றுக்கு நல்லது’ என்று டப்பா டப்பாவாக விற்கப்படுவதற்கு ஆதாரம் இல்லை என்பதோடு எதிராகவும் கொஞ்சம் இருக்கிறது என்கிறேன்.

இப்போது வாய்ப்புற்றுக்கு வருவோம். பார்சலோனாவில் சால்வதோர் அஸ்னார் பெனிதா குழுவின் 2017 நேச்சர் கட்டுரை நெய்யூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மனித வாய்ப்புற்றுக் கட்டிகளில், மெதுவாகப் பிரியும் சிறுகூட்டம் செல்கள் சிடி36 என்ற புரதத்தை மேற்பரப்பில் நிறைய வைத்திருந்தன. கொழுப்பு அமிலத்தை வெளியிலிருந்து உள்ளே எடுக்கும் கதவு அது. எலியின் நாக்கில் வைத்த புற்றில், பரவலைத் தொடங்கியவை இந்தச் செல்கள்தான். கதவை அடைத்தால் நாக்கில் கட்டி வளர்ந்தாலும் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போவது வெகுவாகக் குறைந்தது. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளில் பரவல் கூடியது. பாமிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு குறிப்பாகத் தூண்டியது. 2021-இல் அதே குழு இன்னும் போய், பாமிட்டிக் அமிலத்தைக் கொஞ்சநாள் ருசித்த செல்கள் அதை நிறுத்திய பிறகும் பரவும் குணத்தை ‘ஞாபகம்’ வைத்திருக்கின்றன என்றது. ஒலிக், லினோலிக் அமிலங்கள் அப்படிச் செய்யவில்லை.

சீனியை நிறுத்திக் கொழுப்பைக் கூட்டு என்பதுதானே மூன்றாவது சாட்சி? வாய்ப்புற்றில், ஆளைக் கொல்லும் செல்களுக்குப் பிரியமான தீனி கொழுப்பாக இருக்கலாம் என்கிறது எலி ஆய்வு. கீட்டோ சொல்கிறவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறைகூட எடுப்பதில்லை.

ஆனால் எனக்கு இந்தப் பக்கத்தின் மேலும் விமர்சனம் உண்டு. இந்த ஆய்வுகளைச் செய்தியாக்கியவர்கள் ‘பாமாயில் புற்றைப் பரப்பும்’ என்று தலைப்பு வைத்தார்கள். ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலில் பாமிட்டிக் அமிலம் ஏறக்குறைய 40 சதவீதம், தேங்காயெண்ணெயில் 10-க்கும் கீழே. உடனே ‘பார்த்தீங்களா, நம்ம தேங்காயெண்ணெய்தான் உசத்தி’ என்று நாஞ்சில்நாட்டு நெஞ்சு நிமிரும். பொறுங்கள். நம் கல்லீரல் மிச்சச் சோற்றிலிருந்தும் மரச்சீனிக் கிழங்கிலிருந்தும் கொழுப்பு செய்யும்போது முதலில் செய்வது பாமிட்டிக் அமிலமேதான். எண்ணெயை மாற்றியதால் அது ரத்தத்திலிருந்து காணாமல் போகாது. ஒலிக் அமிலம் நல்லபிள்ளை என்று எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. மாரிசன் ஆய்வகம் 2020-இல் காட்டியது: நிணநீரில் ஒலிக் அமிலம் கூடுதலாக இருக்கிறது, அது மெலனோமா செல்களுக்கு ஆக்சிஜனேற்றச் சாவிலிருந்து கவசமாகிறது, நிணநீர் வழியாகப் போன செல்கள் பிறகு ரத்தத்திலும் தாக்குப்பிடிக்கின்றன. ஒரு ஆய்வகத்தில் தீங்கில்லாத கொழுப்பு இன்னொன்றில் கவசம். இரண்டும் நல்ல ஆய்வுகள். புற்று வேறு, கேள்வி வேறு. இதிலிருந்து சமையலறைக்கு நேராக ஒரு பத்தியச் சீட்டு எழுத முடியாது; எழுதுகிறவன் ஆய்வைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கீட்டோவுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கான்ட்லி குழு 2018-இல், பிஐ3கே என்ற நொதியை அடைக்கும் மருந்தோடு கீட்டோ உணவைச் சேர்த்தால் எலிகளில் மருந்து நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. மருந்து ஏற்றிவிடும் இன்சுலினை உணவு இறக்கிவிடுகிறது என்பது காரணம். அருமையான ஆய்வு. அதே கட்டுரையில், மருந்தில்லாமல் கீட்டோ மட்டும் கொடுத்தபோது ஒருவகை ரத்தப்புற்று எலிகளில் வேகமாகியது என்றும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் வெட்டி யூடியூபில் போட்டால் அது வேறு கட்டுரை ஆகிவிடுகிறது.

பெட் ஸ்கேனைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டிய குளுக்கோஸைச் செலுத்துகிறார்கள், கட்டி ஒளிர்கிறது. மூளையும்தான் ஒளிர்கிறது, இன்னும் பளிச்சென்று. அந்தப் படத்தை வைத்துச் சீனியை நிறுத்தச் சொல்கிறவர் மூளையையும் பட்டினி போடச் சொல்வாரா? ரத்தம் முழுக்கச் சேர்த்தால் குளுக்கோஸ் ஒரு டீஸ்பூன் அளவுதான், சுமார் 5 கிராம். அந்த ஒரு டீஸ்பூனைக் காப்பாற்ற உடம்பு எதையும் செய்யும். வாயால் வராவிட்டால் கல்லீரல் செய்யும். அதற்கு மூலப்பொருள் தீர்ந்தால் தசையைக் கரைக்கும்.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, கன்னத்துக்குள் புண், கழுத்தில் நெல்லிக்காய் அளவு நெறிக்கட்டி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வீட்டில் கொஞ்சம் ‘தள்ளிப் போட்டிருக்கோம்’ என்றார்கள்.

‘சீனி, சோறு, கெழங்கு எல்லாம் நிறுத்தியாச்சு மக்ளே. அதுக்க தீனிய நிறுத்தினா அது சாவும்லா?’

‘அது சாவாது பெரியம்மா. நீங்கதான் மெலிஞ்சு போவிய. என்ன எடை கொறஞ்சிருக்கு?’

‘ஆறு கிலோ. நல்லதுதானே? எண்ணெ குடிக்கேன், ரெண்டு கரண்டி.’

ஆறு கிலோ போனதை நோய் தோற்பதற்கு அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டி வெளியேற்றும் லாக்டேட் கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்குகிறது. கட்டி 2 ஏடிபி சம்பாதித்த இடத்தில் கல்லீரல் 6 செலவழிக்கிறது. இந்தத் தண்டச்செலவும், புற்று கிளப்பும் அழற்சியும், வாய் எரிச்சலில் குறைந்துபோன சாப்பாடும் சேர்ந்து ஆள் உருகுகிறார். உருகிய உடம்பு அறுவையையும் கதிர் சிகிச்சையையும் தாங்கத் திணறும். மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் புற்றுநோய் வழிகாட்டி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்கிறது. மெலிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு உணவைக் குறுக்கும் எந்தப் பத்தியமும் வேண்டாம் என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

தள்ளிப் போடுவதன் விலை என்ன? அதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து கணக்கு இருக்கிறது. அனில் டி’குரூஸ் குழு 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. ஆரம்பநிலை வாய்ப்புற்று, கழுத்தில் எதுவும் தட்டுப்படாத 500 நோயாளிகள். ஒரு பாதிக்கு வாய் அறுவையோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். மறுபாதிக்கு, கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று வருஷ முடிவில் முதல் குழுவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாம் குழுவில் 67.5. அவ்வளவு கவனமாக, தவறாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததற்கே இந்த வித்தியாசம். பெரியம்மாவுக்கு ஏற்கனவே கழுத்தில் தட்டுப்படுகிறது, கையில் இருப்பது எண்ணெய்க் கரண்டி.

நம் தமிழ் அறிவியல் நூல்கள், பத்திரிகைப் பத்திகள் மேலும் எனக்கு இந்த விஷயத்தில் வருத்தம் உண்டு. வார்பர்க் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், ஏனென்றால் அது நல்ல கதை: தனிமனிதர், பெர்லின், நோபல், எளிய விளக்கம். வெய்ன்ஹவுஸ் ஒரு வரியில்கூட வருவதில்லை. கிளம்பிப்போகும் செல் வேறு தீனிக்கு மாறும் என்பது பத்துப் பதினைந்து வருஷமாகக் குவிந்துவரும் அறிவு. அது இன்னும் தமிழுக்கு வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் எண்ணெய்க் கரண்டி நுழைகிறது. படித்தவர்கள் விட்ட பாதியைத்தான் வீடியோக்காரர்கள் நிரப்புகிறார்கள்.

‘அப்போ சீனி சாப்பிடலாம்னு சொல்றீங்களா?’ என்று கேட்டால், சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு எப்போதும் போல, அது புற்றுக்காக இல்லை. மற்றபடி வாய்ப்புற்று உள்ளவருக்கு இறங்குவது எதுவோ அது: குழைந்த கஞ்சி, சிறுபயறு, அவித்த முட்டையை மசித்தது, முள் நீக்கிய சாளைமீன் குழம்பில் ஊறிய சோறு, எரிச்சல் இருந்தால் காரம் புளி இல்லாமல். கதிர் சிகிச்சையின் நடுவில் கஞ்சியும் இறங்காமல் போகும் வாரங்கள் வரும், அப்போது மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்வார்கள். அதைப் பார்த்து ‘முடிஞ்சுது’ என்று பயந்து வேண்டாம் என்கிற வீடுகள் நிறைய. அது சாப்பாட்டுக்கான குழாய், சிகிச்சை முடிந்து விழுங்க முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். முறுக்கான் மட்டும் இனிமேல் கிடையாது, பாக்கு தனியாகவும் கிடையாது.

பெரியம்மாவுக்குப் புது நாள் கொடுத்திருக்கிறார்கள், வருகிற செவ்வாய். நேற்று மரச்சீனியை மசித்துப் பால் விட்டுச் சாப்பிட்டார்.